தாலிக்கு முன் முடிந்தால் நல்ல டிஸ்க்

பதுளையில் லேப்டாப் வைத்திருந்த ஒருவர்கூட சரோஜாவின் கல்யாணத்துக்குப் போகாமல் தப்பியதில்லை. பெண்ணைத் தெரியாது, மாப்பிள்ளையைத் தெரியாது, பத்திரிகையும் வரவில்லை. ஆனாலும் போனோம். சிலர் இரண்டு மூன்று தடவை போனோம். எங்களைப் பிடித்து உட்காரவைத்தவர் சரோஜாவின் அண்ணன். பஜாரில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் லேப்டாப் திருத்துகிறவர். ஊர் அவருக்கு வைத்த பேர் முகூர்த்தம் அண்ணன். வீட்டில் வைத்த பேர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் அப்போது லுணுகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் ஆமையாக ஊர்கிறதே என்று பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்எஸ்டி போட்டேன். மின்னல் வேகம் என்று சொல்லித்தான் விற்றார்கள். முன்பு அதைத் திறந்துவிட்டு முகம் கழுவிவிட்டு வரலாம். இப்போது குளித்துவிட்டே வரலாம் என்றாகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன்.

அண்ணன் முதலில் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். லேப்டாப் திறக்கிற இடத்தில் அவரும் செருப்புப் போடமாட்டார்.

"உக்காருங்க சேர். என்னா வருத்தம் இதுக்கு?"

"மெதுவா இருக்கு அண்ணே."

"மெதுவான்னா? எவ்வளவு மெதுவா?"

"குளிச்சிட்டு வர்ற அளவுக்கு."

"சரி விடுங்க. கல்யாணத்தப் போட்டுப் பாப்போம்" என்றார்.

அதுதான் அவருடைய பரிசோதனை. அவரிடம் உள்ளங்கை அகலத்தில் கறுப்பு டிஸ்க் ஒன்று இருந்தது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் நடந்த சரோஜாவின் கல்யாணம் முழுவதும் அதில் ஒரே பெரிய வீடியோவாகக் கிடந்தது. அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, வந்த லேப்டாப்புக்குக் கேபிள் வழியாகக் காப்பி பண்ணுவார். அதே நேரத்தில் அந்த டிஸ்க்கிலிருந்தே வீடியோவைத் தன் திரையில் ஓடவிடுவார். தாலி கட்டுவதற்குள் காப்பி முடிந்தால் நல்ல டிஸ்க். பந்தி வரைக்கும் இழுத்தால் டிஸ்க்கை வேலை வாங்குகிற டிரைவர் மென்பொருளில் ஏதோ கோளாறு. பொண்ணு அழுதுகொண்டே வேனில் ஏறும்வரை போனால் டிஸ்க்கின் கதை முடிந்தது என்று அர்த்தம்.

பந்தி திரையில் வந்தால்தான் வந்தவருக்கு பிளேன்டீ சொல்வார். நல்ல டிஸ்க் கொண்டுபோனவர் வறண்ட தொண்டையோடு படியிறங்க வேண்டியதுதான். டீக்காகவே தன் டிஸ்க் மெதுவாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு டீ கிடைத்தது. தாலி கட்டியாயிற்று, அட்சதை போட்டாயிற்று, பந்தியும் வந்தது, காப்பி அப்போதுதான் முடியப் போனது. திரையில் ஒரு அம்மா சாம்பார் வாளியோடு வந்தார். கேமராவைக் கண்டதும் கரண்டியை ஓங்கினார்.

"அடேய், என்னைய எதுக்குடா புடிக்கிற? பொண்ணு அங்க இருக்கா, அவளப் புடிடா!"

நான் சிரித்துவிட்டேன். அண்ணனும் சிரித்தார். "எங்கம்மா. கொழுந்து எடுத்தே எங்கள ஆளாக்குனவங்க. கல்யாணம் முடிஞ்சு அந்த வருசமே போயிட்டாங்க. ஃபோட்டோ நெறய இருக்கு சேர். கொரல் இதுல மட்டுந்தான் இருக்கு" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் லேப்டாப்பின் பக்கம் திரும்பினார்.

"டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. டிரைவர் காலையில ஆளெடுக்குற பெரட்டுக்கே வரல."

"புரியல அண்ணே."

"டிஸ்க்கு கொழுந்து எடுக்குற ஆளு. டிரைவர்ங்கிறது கங்காணி. ஒங்க மெஷினுக்குன்னு உள்ள கங்காணி வரல. விண்டோஸ் பக்கத்து டிவிசன் கங்காணிய நிப்பாட்டி வேல வாங்குது. அந்தாளுக்கு இந்த மல தெரியுமா?"

கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போட்டார். மறுபடியும் கல்யாணம். இந்தத் தடவை மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பதற்குள் காப்பி முடிந்தது. "இனிமே டிஸ்க்க நெறைக்காதீங்க. நெறஞ்சா மூச்சு வாங்கும். வேணாததத் தூக்கிப் போடுங்க" என்று அனுப்பிவைத்தார். காப்பி செய்த கல்யாணத்தை மட்டும் அழிக்க மறந்துவிட்டார். எல்லோருடையதிலும் அப்படித்தான் மறந்தார்.

தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஒருவர், வேகம் பார்க்கத்தான் மென்பொருள் இருக்கிறதே என்று அவரிடம் வாதாடிப் பார்த்தார். "அது நம்பரக் காட்டும் சேர். கல்யாணத்தக் காட்டுமா?" என்று அண்ணன் அவர் வாயை அடைத்துவிட்டார். வெலிமடையில் லீக்ஸ் மரக்கறி விற்கிற வியாபாரி ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார். பதுளை பஸ் நிலையத்தில் சரோஜாவின் புருஷனை நேரில் கண்டதும் தோளைத் தட்டி, "ஏன் தம்பி, பானையில மோதிரம் எடுக்கிறப்ப அந்தப் புள்ளைக்குக் கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்னா?" என்று கேட்டிருக்கிறார். பாவம், அந்த மனுஷன் பயந்து வேறு பஸ்ஸில் ஏறிவிட்டாராம்.

ஒருநாள் பதுளைக்கு வந்தபோது, சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று லேப்டாப் பையோடு படியேறினேன். அண்ணன் காலில் செருப்பு இருந்தது. அந்த மாடியில் அதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"செத்துப்போச்சு சேர்" என்றார்.

"ஐயோ, யாரு?"

"கறுப்பு டிஸ்க்கு. காலையில மாட்டுனேன், அசைவே இல்ல. இந்தச் சனியன் சாகும்போது சொல்லிட்டுச் சாகாது."

வீடியோ எடுத்த ஸ்டூடியோவை மூடி வெகுகாலம். சரோஜா கொண்டுபோன சீடியை அவள் பிள்ளைகள் உருட்டி விளையாடி முடித்திருந்தார்கள். ஊரெல்லாம் காப்பி இருக்கிறதே என்ற தைரியத்தில் அண்ணன் வேறொரு பிரதி எடுத்துவைக்கவில்லை. இப்போது ஒவ்வொருவராகப் போனில் பிடித்தார்.

"நீங்கதானே வேணாததத் தூக்கச் சொன்னீங்க?" என்றார் கிளாக்கர்.

ஊரே அவர் பேச்சைக் கேட்டிருந்தது. வேண்டாததைத் தேடியபோது எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது சரோஜாவின் கல்யாணம்தான். லீக்ஸ் வியாபாரி மட்டும் போனில் தவித்துப்போனார். "அண்ணே, போன வாரந்தான் தூக்குனேன். ஆனா எல்லாம் கண்ணுக்குள்ள இருக்கு. எப்ப வேணும்னாலும் கேளுங்க, மொதல்ல இருந்து சொல்றேன்!"

அண்ணன் போனை வைத்தார். என்னைப் பார்க்காமலே, "சேரும் தூக்கியிருப்பீங்க" என்றார்.

நான் தூக்கவில்லை. பழைய வினாத்தாள்களை அழித்தேன், பிரயாணப் படங்களை அழித்தேன். இதன்மேல் கை வைக்க மனசு வரவில்லை. அந்த அம்மா கரண்டியை ஓங்கும்போதெல்லாம் எனக்கும் யாரோ வேண்டியவர் திட்டுகிற மாதிரி இருந்தது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தேன். அண்ணன் அவசர அவசரமாகச் செருப்பைக் கழற்றினார்.

புது டிஸ்க் மாட்டினார். காப்பி ஓடியது, கல்யாணமும் ஓடியது. அவர் கைபட்ட லேப்டாப் அல்லவா, நாதஸ்வரம் வேகம் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சு அண்ணே."

"இருக்கட்டும் சேர். பந்தி வரட்டும்."

படிக்கட்டில் எட்டிப் பார்த்து, "ரெண்டு பிளேன்டீ!" என்று கத்தினார். தாலிக்கு முன் முடித்தவனுக்கு அந்த மாடியில் கிடைத்த முதல் டீ அதுதான். தாலி ஏறியது, அட்சதை விழுந்தது, வாளியோடு அம்மா வந்தார். "அடேய், என்னைய எதுக்குடா புடிக்கிற?" அண்ணன் சத்தமாகச் சிரித்தார், பிறகு திரை துடைக்கிற துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அந்தத் துணி தேவைப்பட்டது.

அந்த மாடியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அண்ணன் சரோஜாவின் குடும்பத்தோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார். நான் புது லேப்டாப் வாங்கினாலும் முதலில் அதில் போடுவது அந்தக் கல்யாணத்தைத்தான். மாப்பிள்ளை மணவறையில் உட்காருவதற்குள் காப்பி முடிந்துவிடுகிறது. நல்ல டிஸ்க்தான். ஆனாலும் பந்தி வரும்வரை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒரு மெதுவான டிஸ்க் கிடைத்தால் தேவலை என்றிருக்கிறது எனக்கு.