குருவிக்கூடு அமுங்கிய நாள்

திருக்காட்டுப்பள்ளியில் மின்கம்பத்துக்கு அடுத்தபடியாக எதற்கும் வளையாமல் நின்றது குருவிக்கூட்டாரின் முன்முடிதான். அவர் மினிபஸ் கண்டக்டர். நான் எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் கடை வைத்து, அவருக்குத் தம்பிபோல ஆகிப்போனவன். நெற்றிக்கு மேலே முடியைத் தூக்கிச் சீவி, உள்பக்கமாகச் சுருட்டி நிறுத்தியிருப்பார். குருவி வந்து முட்டையிடாததுதான் பாக்கி.

மினிபஸ் கூரையோ தாழ்வு. மற்ற கண்டக்டர்கள் தலையைக் குனிவார்கள்; இவர் முழங்காலை மடக்குவார். கல்லணை வரைக்கும் அரை உட்காரலிலேயே டிக்கெட் கிழிப்பார். காற்றில் கலையும் என்று ஜன்னலை மூடச் சொல்வார். சித்திரை வெயிலில் பயணிகள் வெந்துபோவார்கள்.

சினிமா பார்த்து வைத்தது என்று ஒரு கட்சி, வழுக்கையை மறைக்க என்று இன்னொரு கட்சி. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"கிளீனரா இருந்தப்ப டிரைவரு எதுக்கெடுத்தாலும் மண்டையில தட்டுவாரு தம்பி. ஒருநாளு எண்ணெயத் தடவித் தூக்கி விட்டேன். கைய ஓங்குனவரு, இத எங்க தட்டுறதுன்னு நின்னுட்டாரு. அன்னைலேர்ந்து என் தலையில எவனும் கை வெச்சதில்ல."

பிறகு எனக்கு இதயத்தில் அடைப்பு, தஞ்சாவூரில் ஆபரேஷன் என்றார்கள். தும்மல் வந்தாலே உயிலைப் பற்றி யோசிக்கிறவன் நான். நான் பிழைத்தால் வலங்கைமானில் பாடைக்காவடி எடுப்பதாகக் குருவிக்கூட்டார் வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டவரையே பிணம்போலப் பாடையில் கிடத்திக் கோயிலுக்குத் தூக்கிப்போவார்கள். நான் பிழைத்தேன், அவர் பாடையில் படுத்தார்.

தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்துக் கட்டத் துணியோடு வந்தார்கள். படுத்திருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"அது வேணாங்க. இந்தப் பொணம் வாயத் தொறக்காது, நான் கேரண்டி."

"பொணமே பேசுதுங்களே," என்றார் கட்ட வந்தவர்.

பறைச் சத்தம் நின்றது. கட்டாமல் தூக்குங்கள் என்று இவர், கட்டாமல் தூக்க மாட்டோம் என்று அவர்கள். வேண்டுதலில் குறை வைத்தால் அடைப்பு திரும்பி வருமோ என்று எனக்குள் உதறல். வாய்விட்டுச் சொல்லவில்லை, கை மட்டும் தானாக நெஞ்சுக்குப் போயிருந்தது. பாடையில் கிடந்தபடியே அதைப் பார்த்துவிட்டார்.

"இறுக்கியே கட்டுங்க," என்றார்.

கூடு சப்பென்று அமுங்கியது.

கோயில் வாசலில் திருநீறு பூசி எழுப்பினார்கள். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்த சீப்பை நீட்டினேன். வாங்கவில்லை. மினிபஸ் கூரைக்கே குனியாத தலையை என் முன்னால் குனிந்தார்.

"நீயே தூக்கி விடு தம்பி."

சீவித் தூக்கி விட்டேன். கூடு ஒரு பக்கம் கோணலாகத்தான் வந்தது. வீடு திரும்பும் வரை அவர் அதைத் திருத்தவேயில்லை.