செடிக்கு மூண்டு மாச விரதம்

எங்கட வீட்டு ஸ்பெயர் ரூமை ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்கிறேல்லை. 2011 மே மாசம், டூங்கபியில, நான் எடுத்த சபதம் இது.

காரணம், என்ர மனுசி சிவாஜினியின்ர தம்பி அருந்தவன். மெல்பேர்ண்காரன். எங்களுக்குக் கிட்ட வெஸ்ட்மீட்டில மூண்டு மாச வேலை கிடைச்சு, ஜூன் தொடக்கம் எங்களோட நிக்கப் போறானாம். நல்ல பிள்ளைதான். ஆனா நித்திரை கொண்டா, அவன் விடுற குறட்டைக்குப் பக்கத்து வீட்டு நாய் குலைக்கும். முழிச்சிருந்தா எனக்குப் புத்தி சொல்லுவான். நாயாவது குலைக்கலாம், நான் என்ன செய்ய?

சனிக்கிழமையே போய், ஈ பிடிச்சுத் தின்னுற செடியள் ஒரு பெட்டி நிறைய வாங்கியந்து, ஸ்பெயர் ரூம் யன்னலோரம் அடுக்கினன்.

"என்னப்பா இது?" எண்டு வந்தா சிவாஜினி.

"ஜூனில இஞ்ச குளிர் தொடங்குது, குளிர்காலம் முழுக்க இதுகள் உறங்கோணும். ஹீற்றர் போடக்கூடாது. யன்னல் திறந்திருக்கோணும். ஆளரவம் கூடாது."

"மச்சம் மாமிசம் தின்னுற சாமானைச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலயோ வைக்கிறியள்?"

அங்கதான் வாயை விட்டன்.

"சீச்சீ, குளிருக்க ஒரு ஈயும் தொடாதுகள். மூண்டு மாசமும் விரதம் எண்டு வையுமன்."

விரதம் எண்டதும் சிவாஜினியின்ர முகம் மலர்ந்திட்டுது. இன்ரநெற்றில தேடி வாசிச்சும் பாத்தா. நான் சொன்னதெல்லாம் உண்மை. என்ர கலியாண வாழ்க்கையில அப்பிடி நடந்தது அதுதான் முதல் தரம்.

"நீங்கள் சொன்னது சரிதானப்பா. அந்த ரூமில தம்பியை விடேலாது."

வெண்டிட்டன்! சந்தோசத்தில குசினிக்குள்ள போய் நானே தேத்தண்ணி போட்டுக் குடிச்சன்.

ஜூன் பிறந்துது. அருந்தவன் பெட்டியோட வந்து, நேர எங்கட படுக்கையறைக்குள்ள போனான்.

"அங்க ஏன் போறான்?"

"நான் மகளோட படுக்கிறன். எங்கட ரூம் தம்பிக்கு. ஹீற்றர் இருக்கு. பாவம், வேலைக்குப் போற பிள்ளை."

நானும் வேலைக்குத்தான் போறன். அதை ஒருத்தரும் கணக்கில எடுக்கேல்லை.

"அப்ப நான்?"

"விரதக்காரரை ஆர் பாக்கிறது? தண்ணி ஊத்தோணும், கருகின இலை வெட்டோணும். யன்னலுக்குக் கீழ பாய் விரிச்சிருக்கு."

"யன்னல் திறந்தெல்லே கிடக்கு!"

"ஓம், நீங்கள்தானே சொன்னியள்."

"ஆளரவம் கூடாதெண்டும் சொன்னனான்!"

"அப்ப சத்தம் போடாமல் படுங்கோ. மற்றது, விரதக்காரரோட இருக்கிற ஆளும் மச்சம் தொடக்கூடாது."

பின்னேரம் வீடு முழுக்க நண்டுக்கறி மணம். நான் ரெண்டு ஸ்வெற்றரும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பாயில இருந்து பூசணிக்காய்க் கறியோட புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன். செடியள் என்னைப் பாத்து வாயைத் திறந்துகொண்டிருந்துதுகள். கதவு திறந்துது. அருந்தவன். கையில நண்டுக்கால்.

"அத்தான், வேலையை நிரந்தரமாக்கிறதாக் கதைக்கினம். உந்தச் செடியளுக்கு அடுத்த வருசமும் விரதம் வருமோ?"

நான் வாய் திறக்க முந்தி, குசினிக்குள்ள இருந்து சிவாஜினி சொன்னா:

"ஒவ்வொரு வருசமும் வருமாம் தம்பி, வாசிச்சுப் பாத்தனான்."