தேறாமல் போக ஒரு முயற்சி

"அடுத்த வாரத்தோட உங்க பயிற்சி முடியுது சார். நல்லா தேறிட்டீங்க!" என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் கை தட்டியதும், அறிவிப்பாளர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ரயில் நிலையத்தில் காலமெல்லாம் அறிவிப்புச் செய்து ஓய்வுபெற்றவர் அவர். மைக் கிடைத்தால் கணீரென்று பேசுவார். எதிரே ஆள் வந்து நின்றால் வாயடைத்துப்போகும். எழுபது வயதில்தான் ஒரு டாக்டர், "இது ஆட்டிசம். உங்க மூளை பிறவியிலேயே கொஞ்சம் வேற மாதிரி, அவ்வளவுதான்" என்றார். பேச்சில் எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது என்று பழகட்டும் என மருமகள் இந்த வியாழக்கிழமைக் குழுவில் சேர்த்துவிட்டாள். அவரும் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார்.

வந்த இடத்தில் கடிகாரக்காரர் கிடைத்தார். ஸ்டேஷன் கடிகாரங்களைப் பழுது பார்த்தவர்; அவரும் இதே ரகம். முதல் நாளே சுவரைப் பார்த்தபடி, "காலை பாசஞ்சர் அறிவிப்பைச் சொல்லுங்க" என்றார்.

எப்போதோ நிறுத்திவிட்ட அந்த வண்டியை அறிவிப்பாளர் வழக்கம்போல இரண்டு தடவை அறிவித்தார்.

"அந்தக் குரல் நீங்கதானா!" என்று கடிகாரக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "ஏணி மேல நின்னு, உங்க குரலைக் கேட்டுக்கிட்டேதான் முள்ளைத் திருப்புவேன்."

கரிப்புகை, தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, வெயிட்டிங் ரூமின் நீளப் பெஞ்சு என்று எல்லாம் திரும்பி வந்தன. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு பழைய வண்டியை இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். வாழ்நாளில் அறிவிப்பாளருக்கு வாய்த்த ஒரே சிநேகிதர். அவரை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

தேறினால்தானே அனுப்புவார்கள்! தேறாத மாதிரி இருந்துவிட்டால் தீர்ந்தது.

அடுத்த வியாழன், குழுவில் இருந்த தையல்காரம்மா பேசும்போது வேண்டுமென்றே குறுக்கே விழுந்தார். பழக்க தோஷம், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்பதும் சேர்ந்தே வந்துவிட்டது.

"பார்த்தீங்களா, எவ்வளவு நாகரிகமா குறுக்கிட்டார்!" என்று டீச்சர் பூரித்துப்போனார்.

இது சரிப்படாது என்று அறிவிப்பாளர் உம்மென்று உட்கார்ந்தார். தையல்காரம்மாவுக்கு அது தோதாகப் போயிற்று. மகன் தையல் மெஷினை விற்றதிலிருந்து முட்டிவலி வரை கொட்டித் தீர்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பேசறதை இவ்வளவு பொறுமையா யாரும் கேட்டதே இல்ல அண்ணா."

"காது குடுத்துக் கேக்கறதுதான் ரொம்பக் கஷ்டமான பாடம். அதுலயும் பாஸ்!" என்றார் டீச்சர்.

அறிவிப்பாளருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினார். "எனக்கு ஒண்ணும் தேறல! பேசவே வராது! என்னை அனுப்பாதீங்க. இவரை விட்டா எனக்கு யாரும் இல்ல!"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மனசுல இருந்ததை மைக் இல்லாமயே சொல்லிட்டீங்க சார். இதுக்கு மேல சொல்லித்தர எங்கிட்ட ஒண்ணுமில்ல. சொன்னபடி இன்னிக்கோட முடிச்சுக்கலாம்."

கடிகாரக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பை மாட்டக்கூடத் தோன்றாமல் அறிவிப்பாளர் வராந்தாவில் நின்றார். கணவரை அழைத்துப்போக வந்து காத்திருந்த கடிகாரக்காரரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"பயிற்சி முடிஞ்சுபோச்சும்மா. இனிமே நான் வர முடியாது."

அந்த அம்மாள் சிரித்தே விட்டார்.

"நல்லா இருக்கே கதை! எங்க வீட்டுக்காரருக்குப் பயிற்சி முடிஞ்சு மூணு வருஷமாச்சு, தையல்காரம்மாவுக்கு அதுக்கும் முன்னாடியே முடிஞ்சுபோச்சு, அவ்வளவு ஏன் அண்ணா, டீச்சரே போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டாங்க!"