ஓரம் தேயாத டயர்

இந்த வருடம் ரேஸ் டிராக்கில் முழங்கால் தரையில் உரசும்படி பைக்கைச் சாய்த்து ஓட்டியே தீருவது என்று முடிவெடுத்தேன். கீழே விழாமல்.

முதல் தடை டயர். இரண்டாவது தடை என் மனைவி கீதா. டயர் குர்லாவில் கிடைக்கும். கீதாவின் சம்மதம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

"பழைய டயருக்கு என்ன கேடு?" என்றாள், சப்பாத்தி திரட்டிக்கொண்டே.

"ஏட்டி, அது முழுக்க ஒரே ரப்பர். இது ரெண்டு ரப்பர். நடுவுல கெட்டி, ஓரத்துல மெது. நேராப் போகும்போது நடுப்பாகந்தான் ரோட்டுல படும். கெட்டியா இருக்கதால சீக்கிரம் தேயாது. டிராக்குல வளைவு வந்தா பைக்கைச் சாய்ப்போம்லா? அப்போ ஓரம் தரையைப் பசை மாதிரி பிடிச்சுக்கிடும். வேலைக்குப் போகவும் ஆச்சு, டிராக்குக்கும் ஆச்சு."

"உடம்பு நூலு, கரை பட்டுன்னு சேலை இருக்கே, அது மாதிரி."

டயர்க்கடை அஸாருதீன் எனக்கு அரைமணி நேரம் விளக்கியது இதைத்தான்.

"அதேதான்!"

"சாயாத மனுசனுக்குப் பட்டுக்கரை எதுக்கு?"

"நான் சாயாதவனா? டிராக்குல வந்து பாரு!"

"நான் எதுக்கு வரணும்? டயர் சொல்லும். ஒரு ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்க. ஓரம் தேஞ்சு உழைச்சிருந்தா மாசாமாசம் போங்க. உழைக்கலைன்னா ஞாயித்துக்கிழமை பூரா எனக்கு."

வாங்கினேன். மாட்டினேன். வாஷி தாண்டி வெகுதூரம் போய் அந்த டிராக்கில் இறங்கினேன்.

மற்றவர்கள் பறந்தார்கள். நான் சாமி சப்பரம் போல நிமிர்ந்து, நிதானமாக ஊர்வலம் போனேன். வளைவு வரும்போதெல்லாம் உடம்பு மட்டும் சாயப் பார்த்தது. பைக்கும் பயமும் நேராகவே நின்றன. சொல்லிக்கொடுக்கிறவன் ஓரத்தில் நின்று, "அரே பாய், ஜுக்காவ்! சாய்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். நான் அவனுக்குக் கையசைத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் தாராவியில் வீட்டுக்கு வந்ததும் கதை அளந்தேன். "முழங்கால் நூலிழைல தப்பிச்சுது கீதா!"

அவள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே டயர் பக்கம் குனிந்தாள்.

"புது டயர்ல பொடிப்பொடியா ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும்லா? நடுவுல ஒண்ணையும் காணோம். ஓரத்துல பிறந்த பிள்ளைத் தலை மாதிரி அப்படியே இருக்கே?"

"பொழுது சாஞ்சிட்டு. நாளைக்கு வெளிச்சத்துல பாரு."

மறுநாள் அவள் பாப்பாவைக் கூப்பிடப் பால்வாடிக்குப் போன நேரம், நான் வேலை பார்க்கும் தோல்பைப் பட்டறையிலிருந்து உப்புத்தாளோடு ஓடி வந்தேன். தேய்த்தேன். பைக்கை அரையடி உருட்டினேன். தேய்த்தேன். மறுபடி உருட்டினேன்.

எதிர்வீட்டு மீனாட்சியம்மாள் எட்டிப் பார்த்தார். "என்ன வேல்ராஜ், டயருக்குச் சவரமா?"

"சர்வீஸ் அக்கா."

கீதா வந்தாள். பார்த்தாள். ஓரத்தை விரலால் தடவினாள்.

"அப்போ நெசமாத்தான் சாஞ்சியளா!"

"பின்னே?"

சுவருக்கும் பைக்குக்கும் நடுவே தலையை நுழைத்தாள். எங்கள் சந்தில் வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் பைக்கை நிறுத்த முடியும். அந்தப் பக்கம் என் கை போகவில்லை. அவள் கண் போய்விட்டது.

"இந்தப் பக்கம் முடி அப்படியே இருக்கே. டிராக்குல வலப்பக்கம் வளைவே கிடையாதா?"

எனக்கு எப்போதாவதுதான் மூளை வேலை செய்யும். அன்று செய்தது. "கிடையாது! வட்ட டிராக்! இடப்பக்கமாவே சுத்திக்கிட்டு இருக்கணும்!"

"ஓ" என்றாள். நம்பிவிட்டாள்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அவள் முகம் மட்டும் வாடிப்போனது. "ஒரே நாள்ல இப்படித் தேயுற அளவுக்குப் படுத்து ஓட்டியிருக்கியளே. கொஞ்சம் வழுக்கியிருந்தா என் கதி என்ன, இந்தப் பச்சைப்பிள்ளை கதி என்ன? மாசாமாசம் இந்தப் பயம் என்னால ஆகாது. இனிமே டிராக்கே வேண்டாம்."

"ஏட்டி, உழைச்சாப் போகலாம்னு நீதானே சொன்னே?"

"இப்படி உழைக்கும்னு யாரு கண்டா?"

பதறிவிட்டேன். "கீதா, நான் சாயவே இல்ல! உப்புத்தாள் வச்சுத் தேச்சேன்! துளி ஆபத்து கிடையாது! எல்லாருக்கும் பின்னாடி நேராத்தான் போனேன்!"

"வளைவுலயுமா?"

"வளைவுலயும்!"

"பிள்ளை தலைல அடிச்சுச் சொல்லுங்க."

சொன்னேன்.

"உப்புத்தாள் வச்சுத் தேச்சதை நானே கண்ணால பாத்தேன்" என்று சாட்சி சொன்னார் மீனாட்சியம்மாள். கேட்காமலே.

கீதாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் எனக்கு உசுரே வந்தது. அப்போ ஓரம் உழைக்கல. ஞாயித்துக்கிழமை எனக்கு."

அடுத்த ஞாயிறு காலையில் ஹெல்மெட்டைக் கையில் கொடுத்தாள். பெட்ரோல் டேங்க் மேல் கோதுமை டப்பாவை ஏற்றினாள்.

"பாத்து, பைய ஓட்டி, மாவு அரைச்சிட்டு வாங்க."

மாவு மில் எங்கள் சந்து முனையிலிருந்து நேர் ரோடு. ஒரு வளைவுகூடக் கிடையாது.