சோம்ப மாமாவின் கழித்தல் கணக்கு

லீலாபாயை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பது, தை மாதம், முதல் திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு நான் முடிவு செய்தேன். அந்த எட்டேகாலுக்கு நான் பழையதை நானே பிழிந்து வைத்துக்கொண்டு, துவையல் எந்தச் சட்டியில் இருக்கிறதென்று அடுக்களையைத் துழாவிக்கொண்டிருந்தேன். கட்டிய மனைவி லீலாபாய் எட்டு மணிக்கே புறப்பட்டு, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் போய்விட்டாள்.

நான் ஞானதாசன். பூதப்பாண்டியில் வக்கீல் குமாஸ்தா. ஊரார் வழக்கையெல்லாம் எழுதுகிறவன். என் வழக்கைக் கேட்கத்தான் நாதியில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் வழக்கைத் தொடங்கினேன். ஒன்றாம் வகுப்பில் அப்படி என்ன படிப்பு? மணலில் ஆனா ஆவன்னா எழுதுவது. புளியங்கொட்டையை எண்ணுவது. ஒரு கிளியைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது நடத்திவிடும். இதற்காக ஒரு மனுஷன் துவையல் இல்லாமல் கஞ்சி குடிக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் தன் தங்கச்சியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள், இரண்டு நாள் போக வேண்டும், வகுப்பைப் பார்க்க ஆள் இல்லையென்று ஹெட்மாஸ்டர் ரசலையன் சார் கையைப் பிசைகிறார் என்றாள்.

"கிளிக்கு நான் எங்க போக? நீங்களே எடுத்துப் பாருங்க."

"எடுத்துட்டா?"

"நல்லா எடுத்தா, நான் வேலைய விடுதேன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருந்துக்கிடுதேன்."

இருபது வருஷம் கோர்ட்டைச் சுற்றியவன் நான். எதிர்க்கட்சிக்காரன் இவ்வளவு லேசாகச் சம்மதித்தால், அவன் மடியில் ஏதோ ஒரு பத்திரம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

மறுநாள் போனேன். இருபத்தேழு உருப்படிகள். ஒருவன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றான், விட்டேன். உடனே ஒன்பது பேருக்கு வந்துவிட்டது. போனவர்களை எண்ணித் திரும்பக் கொண்டுவருவதற்குள் மணலில் இருந்த எழுத்தெல்லாம் ஒருவர் தலையில் ஒருவர் கொட்டித் தீர்ந்திருந்தது. சரி, கணக்கு என்று ஆரம்பித்தேன். பன்னிரண்டில் ஏழு போனால் எவ்வளவு? வகுப்பு என்னைப் பார்த்தது. நான் வகுப்பைப் பார்த்தேன்.

முன்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்த நாகம்மை என்ற சிறுமிக்கு என்மேல் இரக்கம் வந்தது.

"அப்படிக் கேட்டா தெரியாது சார். சோம்ப மாமாவ வச்சுக் கேக்கணும்."

அது யார் என்று கேட்டேன். அவ்வளவுதான், வகுப்பு மடை திறந்துகொண்டது. மாமா வீட்டில் கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முந்திரிக்கொத்து பன்னிரண்டு. யாருக்கும் தெரியாமல் மாமா தின்றது ஏழு. மீதி? "அஞ்சு" என்று இருபத்தேழு தொண்டையும் சேர்ந்து சொன்னதில் கூரை ஓலை ஆடியது. மியாவென்று வந்த ஒரு பூச்சை தின்றுவிட்டது என்று மாமா சாதித்தாராம்.

"அந்த வீட்டுல பூச்சையே கிடையாது சார்," என்றாள் நாகம்மை.

வயிறு குலுங்கச் சிரித்தேன். பாதிச் சிரிப்பில்தான், எங்கள் வீட்டிலும் பூச்சை கிடையாது என்பது நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு நான் சிரிக்கவில்லை. சுகாதாரப் பாடம் என்றேன். வெயில் உள்ளங்காலைச் சுட்ட பிறகு எழுந்திருக்கிறவர் யார்? மாமா. குளித்துத் துவட்டிய ஈரத் தோர்த்தைக் கட்டிலில் போட்டுவிட்டு ஊரெல்லாம் தேடுகிறவர் யார்? மாமா. வாசிப்புப் பாடத்துக்குத் தாவினேன். சுவரில் தொங்கிய அட்டையில் லீலாபாயின் குண்டு எழுத்து: 'பாய். மாமா பாய். மாமா பாயைச் சுருட்ட மாட்டார்.' இந்த வகுப்புக்குப் பாடப் புத்தகம் வாங்காதது ஏன் என்று விளங்கிவிட்டது. புத்தகம் எங்கள் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். கழித்தல் கேட்டார், மாமாவை வைத்துச் சொன்னார்கள். சுகாதாரம் கேட்டார், மாமாவை வைத்தே சொன்னார்கள். மனுஷர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி ஒருவர் நிஜமாகவே உண்டா என்று என்னிடம் கேட்டார். வாசலில் நின்ற ரசலையன் சார் இருமிக்கொண்டு முகட்டைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"இல்லை சார். வெறும் கற்பனை," என்றேன்.

கற்பனை மிக உயர்ந்தது என்று இன்ஸ்பெக்டர் பார்வைப் புத்தகத்தில் எழுதினார்.

அன்று சாயங்காலம் லீலாபாய் திரும்பி வந்தாள். தங்கச்சிக்கு ஆண் பிள்ளை. நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், இன்ஸ்பெக்டரே மெச்சும்படி நடத்தினேன், பேசினபடி எழுதிக் கொடு என்றேன். அவள் மறுக்கவேயில்லை. தாளும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

"காரணம் கேப்பாங்க. என்னன்னு எழுதட்டு? பாடத்துல வாற மாமாவுக்குத் துவையல் அரைக்க ஆள் இல்ல, அவருதான் எனக்க மாப்பிள்ளைன்னு எழுதட்டா?"

நான் மைக்கூட்டை மூடிவைத்தேன்.

ஆனால் தோற்றேன் என்று நினைக்க வேண்டாம். புத்தகத்தில் எழுத்தே இல்லாமல் போனால் எதைப் படித்துக் காட்டுவாள்? அடுத்த நாளிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்தேன். பாயைச் சுருட்டினேன். தோர்த்தைக் கொடியில் போட்டேன். கிணற்றில் வெள்ளம் கோரி அண்டாவை நிரப்பினேன். தின்ற தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். இப்படி மூன்று வாரம். அவள் தன்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் போய் வந்தாள். பாடத்துக்குச் சரக்கு இல்லாமல் தவிக்கிறாள் என்று எனக்குள் ஒரே குதூகலம். மாசக் கடைசியில் அவளாகவே வேலையை விட்டுவிடுவாள் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாசக் கடைசியில் கடைத்தெருவில் ரசலையன் சார் எதிரே வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"டீச்சருக்கு இப்பம் வீட்டுல ஒரு வேலையும் இல்லையாமே. ரெண்டாம் வகுப்பையும் சேத்து நானே எடுக்கேன்னு வந்து வாங்கிட்டுப் போயிட்டாவ."