அக்காவின் யோசனையும் அறுந்த ஹெட்போனும்

ஹெட்போனில் சத்தம் வரவில்லை.

அக்கா பேசி அனுப்பிய செய்தி போனில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காதில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை. வேறு நாளாக இருந்தால் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருப்பான். இன்று எதிர் நாற்காலியில் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செய்தியே அவரைப் பற்றியதுதான்.

நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். நாலு மாதமாகிறது. மோசமான மனிதர் இல்லை, அதுதான் சங்கடமே. அவர் மனம் நோகாமல் சின்ன மகள் வீட்டுக்கு அனுப்பிவைப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரியும். அவளுக்கு டைப் அடிக்க வராது. பேச ஆரம்பித்தால் நிறுத்த வராது. "எல்லாத்தையும் விவரமா பேசி அனுப்புறேன். ஹெட்போன் மாட்டிக்கிட்டுக் கேளுடா" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள். மனைவி ஆபீசிலிருந்து வருவதற்குள் விஷயத்தை முடித்தாக வேண்டும். அவள் முன்னால் இந்தப் பேச்சை எடுத்தால், பெட்டி கட்டப்போவது மாமனாராக இருக்காது.

மாடிக்குப் போய்த் தனியாகக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் ஒரு சாமான் தன் கையில் வேலை செய்யாமல் போனால் அவனுக்கு அது மானப் பிரச்சினை. காலையில்தான் மாமனாருக்கு வந்த புதுக் காது மிஷினைத் தன் போனோடு புளூடூத்தில் சேர்த்து, கூட்டிக் குறைத்துச் சரிசெய்து கொடுத்து, கெட்டிக்காரர் என்று அவர் வாயாலேயே பேர் வாங்கியிருந்தான். இந்த ஒயர் எம்மாத்திரம்?

பிளக்கை ஒட்டி ஒயர் நைந்திருந்தது. மடக்கி, டேப் சுற்றி, சத்தத்தை முழுசாகக் கூட்டி, செய்தியை முதலிலிருந்து போட்டான். மூச்சு பேச்சில்லை. மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒயரை வெட்டினான். பிளேடு கிடைக்காததால் உறையைப் பல்லால் உரித்தான். உள்ளே தலைமுடி மாதிரி கம்பிகள், சிவப்பும் பச்சையும் செம்புமாக. நிறத்துக்கு நிறம் பார்த்து முறுக்கிவிட்டு மறுபடி போட்டான். ஊஹூம். கம்பிமேல் ஒரு பூச்சு இருக்கும், அதை எரித்தால்தான் கரன்ட் பாயும் என்று யாரோ சொன்ன ஞாபகம். தீப்பெட்டியை எடுத்தான். பூச்சு எரிந்தது, கூடவே பாதிக் கம்பியும், மேஜை விரிப்பின் ஒரு மூலையும். மிச்சம் இருந்ததை ஒட்டுப்போட்டு, செய்தியை மறுபடி போட்டான்.

"போதும் மாப்பிள்ளை, விட்டுடுங்க" என்றார் மாமனார். குரல் கம்மியிருந்தது. புகையாக்கும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை மாமா."

அந்த ஒரு தடவைக்கு மனைவியின் ஹெட்போன் பலியானது. அதன் பிளக்கை வெட்டி எடுத்து இதில் சேர்த்தான். இப்போது வீட்டில் ஓடாத ஹெட்போன்கள் இரண்டு. ஆனாலும் மனசு கேட்காமல், ஒயரை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே, செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். மாமனார் எழுந்து உள்ளே போனார். வரும்போது சலவைச் சட்டை மாட்டியிருந்தார். வாக்கிங் கிளம்புகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மனைவி வரும் நேரமாகிவிட்டது. இனி அக்காவை நம்பிப் புண்ணியமில்லை. வாயில் வந்ததைப் பேசிவிடுவது என்று முடிவு கட்டி, கருகிய ஒயரைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தான். நல்ல மனிதரிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

மாமனார் காதிலிருந்த மிஷினைக் கழற்றி, வேட்டி முனையால் நிதானமாகத் துடைத்து, மேஜைமேல் வைத்தார்.

"டீ கொடுத்துட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கணும்னு உங்க அக்கா அத்தனை தடவை படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே மாப்பிள்ளை, டீ எங்கே?"