ஆயுத பூசை ரேசுக்குப் போகும் மச்சானுக்கு

ஆம்பூர்,
புரட்டாசி 10, வெள்ளிக்கிழமை, 1986.

ராணிப்பேட்டையில் பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்துவரும் மச்சான் ராமமூர்த்தி அவர்களுக்கு, ஜம்புலிங்கம் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா பூரணியும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர், எங்கள் தோல் பதனிடும் டேனரியில் கிளார்க்காக இருந்த தோஸ்த் நிசார் அஹமது பாய்.

தங்கள் கடிதத்தைப் பாய்தான் படித்துக் காட்டினார். இந்தத் தாங்கள், தங்கள் எல்லாம் நாக்கில் நிற்கவில்லை, இனி நீ என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உங்கள் கம்பெனி ஆயுத பூசைக்கு ஸ்கூட்டர் இன்ஜினைக் குட்டிச் சக்கரங்களின் மேல் மாட்டி, தரையை உரசுகிற மாதிரி கோ கார்ட் என்று ரெண்டு வண்டி செய்திருக்கிறார்கள். ஒன்றை ஐம்பத்திரண்டு வயதில் நீ ஓட்டப் போகிறாய், இன்னொன்றை அதே கம்பெனியில் வேலை பார்க்கும் உன் புது மாப்பிள்ளை பரந்தாமன். ஆடி விருந்தில் சொந்தக்காரர்கள் எதிரிலேயே அவர், "மாமா, நீங்க வண்டியில ஏறி உக்கார்றதுக்குள்ள நான் ஜெயிச்சு டீயும் குட்ச்சிருப்பேன்" என்றாராம். அன்றிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மகள் கமலவேணிக்கோ, அப்பனுக்குக் கை தட்டினால் மாமியார் முறைப்பாள், புருஷனுக்குத் தட்டினால் பெற்றவள் முறைப்பாள் என்று இப்போதே அழுகை. தோற்றால் மருமகன் காலமெல்லாம் சொல்லிக்காட்டுவார், எப்படியாவது ஜெயிக்கவேண்டும் என்று யோசனை கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய்.

முதலில் வயிறு. அன்று காலையில் பிரியாணி கூடாது, ரெண்டு இட்லி போதும், கனம் ஜாஸ்தியானால் வண்டி நகராது. அடுத்தது எலுமிச்சம்பழம். பூசை போட்ட வண்டியாயிற்றே, சக்கரத்தடியில் பழம் வைப்பார்கள். அது நசுங்குகிறதா என்று குனிந்து பார்க்கிறவன் அங்கேயே தோற்றான். பார்வை எப்போதும் அடுத்த வளைவில் இருக்கவேண்டும். மாப்பிள்ளை முன்னால் போனால் பதறாதே, முதுகோடு ஒட்டிக்கொண்டே போ, எதிர்காற்றை அவர் வாங்கிக்கொள்வார். வளைவு வந்தால் அதற்கு முன்னாலேயே பிரேக்கை மிதித்துவிடு, வளைவுக்குள் மிதித்தால் வண்டி உன்னைத் தூக்கி வீசிவிடும். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தை உரசி, மறுபடி வெளி ஓரத்துக்கு வா. இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கிறாயா? எழுபத்து மூணாம் வருஷத்து ஆயுத பூசை.

அன்றைக்கு நீ வரவில்லை. டேனரியில் மெஷின் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து, முதலாளி வாஹித் பாஷா சாய்பே எல்லாருக்கும் பொரி கொடுத்து முடித்த பிறகு, தோல் தள்ளும் வண்டிகளில் ரேஸ் விடுவோம். வண்டிக்கு நாலு இரும்புச் சக்கரம், பிரேக்குக்கு மிதிக்க ஒரு கட்டை, திருப்ப ரெண்டு கயிறு. கிடங்கு மேட்டிலிருந்து உருட்டிவிட்டால் கீழே ஒரு வளைவு, வளைவுக்கு இடது பக்கம் தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைச் சிவப்புத் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டினால் கேட். மூணு வருஷமாக ஜெயித்தவர் இதோ எழுதிக்கொண்டிருக்கும் பாய்தான். அந்த வருஷம் அவரை விடக்கூடாது என்று நான் சக்கரத்துக்கு மீன் எண்ணெய் பூசினேன். தெருநாய் ஆறு பின்னாலேயே ஓடிவந்தது, அதுவும் ஒரு வேகம்தான். கயிறு அறுந்துபோகும் என்று பச்சைத் தோலைக் கிழித்து வார் கட்டினேன். இருபது வருஷம் தோலோடு கிடந்தவனுக்கு, ஈரத் தோல் வெயிலில் சுருங்கும் என்பது மறந்துபோயிற்று. வண்டி நின்ற இடத்தில் இடது பக்கம் மட்டும் வெயில். பாதி மேடு இறங்கும்போதே இடது வார் விறைத்துக்கொண்டு, வண்டி தொட்டியைப் பார்த்து இழுக்கிறது. கேட்டில் உன் அக்கா, "இன்னாங்க, இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!" என்று கத்துகிறாள். அப்போது இடது பக்கத்திலிருந்து வந்து பாய் இடித்தார் பார், பொறாமை இடி, அந்த இடியில் என் வண்டி நிமிர்ந்து நேராகக் கேட்டுக்குள் போய்விட்டது. பாய் தொட்டிக்குள்.

"பாய், தொட்டியில வுழுந்ததை எழுதினியா?"

"அது அவசியமா ஜம்பண்ணே?"

"அதான் பாடமே. ஒரு வாரம் செவசெவன்னு திரிஞ்சியே, அதையும் எழுது."

எழுதிவிட்டார். ஆகவே மச்சான், கடைசி வளைவில் மாப்பிள்ளை இடிக்க வந்தால் விலகாதே, அந்த இடியை வாங்கிக்கொண்டே ஜெயித்துவிடு. அன்றைக்கு மாலை போட்டு வண்டியோடு என்னை டேனரி முழுக்கச் சுற்றித் தள்ளினார்கள். இன்றைக்கும் ஆவாரம்பட்டை வாசனை அடித்தால் என் கால் தானாகக் கட்டையைத் தேடும். தள்ளினவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

கமலவேணி தீர்க்க சுமங்கலியாக இருக்கட்டும். மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், ஆனால் அதை ரேஸ் முடிந்த பிறகு சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஜம்புலிங்கம் (இடது பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: ராமமூர்த்தி அண்ணனுக்கு நிசார் அஹமதின் சலாம். இது ஜம்பண்ணன் சொல்லாதது. அந்த வளைவில் நான்தான் முன்னால் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வண்டி தொட்டிக்கு இழுப்பது தெரிந்தது, அவருக்கு நீச்சலும் தெரியாது. பிரேக்கை மிதித்து என் வண்டியை அவருக்கும் தொட்டிக்கும் நடுவில் விட்டேன். பதின்மூன்று வருஷமாக நான் தோற்ற கதையை டீக்கடையில் சொல்லிவருகிறார், ஆனால் ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்கிறார். மாப்பிள்ளையும் அப்படிச் சொல்லட்டுமே. கடைசி வளைவில் கொஞ்சம் பிரேக்கை மிதியுங்கள். கமலவேணியும் நிம்மதியாகக் கை தட்டுவாள். "இன்னும் இன்னா எழுதுறே பாய்?" என்று கேட்கிறார். விலாசம் என்று சொல்லியிருக்கிறேன்.